முஷ்டி உயரம்

தெருவில் அவனைச் சிலிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. சிலிண்டர் வீடு எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள். தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டர்களைச் சோதித்துப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவனுக்கு ஒன்பது வருடமாக வேலை. அலுவலகம் அலுவலகமாகப் போவான். படிக்கட்டு மூலையிலும் லிஃப்ட் பக்கத்திலும் தூசி படிந்து தொங்குவதை இறக்கித் துடைப்பான். முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, அட்டையில் தேதி போட்டு, மறுபடி மாட்டுவான். கறுப்புக் கொம்பு வைத்த ஒரு வகைச் சிலிண்டருக்கு மட்டும் முள் கிடையாது. அதைத் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெளியே பெயின்ட் மின்னும், சீல் உடையாமல் இருக்கும், உள்ளே மட்டும் சத்தமில்லாமல் கசிந்திருக்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே கழற்றிவிட வேண்டும். தராசுகூடத் தேவையில்லை, தூக்கும்போதே என் கை சொல்லிவிடும் என்பது அவன் பெருமை.

அந்த ஒன்பது வருடத்தில் ஒரு தீயைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை.

“நீச்சல் தெரியாதவன் படகு வித்த கதைடா உன்னுது” என்பாள் அக்கா.

அக்கா அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு வீட்டில் இருவர்தான். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சட்டையைச் சின்னதாக்குவது, பேன்ட் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் வரும். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காஜா. பொத்தான் நுழையும் துளையைச் சுற்றிக் கையாலேயே நூல் கட்டுவாள். மெஷினில் போட்ட காஜா ஆறு மாதத்தில் பிரிந்துவிடும்; அக்கா போட்டது சட்டை கிழிந்த பிறகும் துளையாகவே இருக்கும். கோட்டு தைக்கிற நான்கு கடைகளிலிருந்து அவளிடம்தான் கொடுத்தனுப்புவார்கள். தெருவுக்கு அவள் காஜாக்கா.

அவளுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருடத்தில் முறிந்துபோனது. வந்த அன்று பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, “மூணு வருஷம் டிரெய்னிங் போனேன், ஃபெயில் பண்ணிட்டாங்க” என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தபோது அவனுக்கு வயது இருபத்தொன்பதும் நான்கு மாதமும். முப்பது முடிந்தால் விண்ணப்பிக்க முடியாது. இதை விட்டால் அடுத்த வாய்ப்பு என்று ஒன்று இல்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். ஓட்டமும் கயிறு ஏறுவதும் அவனுக்குப் பெரிய காரியமில்லை. நாள் முழுக்கச் சிலிண்டர் தூக்கி மாடி ஏறுகிறவன். இடித்தது தண்டால்தான். நிறுத்தாமல் முப்பது எடுக்க வேண்டும். அறிவிப்பில் ஒரு வரி தனியாக இருந்தது: தரையில் நிறுத்திய முஷ்டியின் உயரத்துக்கு நெஞ்சு இறங்க வேண்டும், இறங்காதது எண்ணப்படாது.

“என் முஷ்டி போதுமா, இல்ல அதுக்கும் அரசாங்க முத்திரை வேணுமா?” என்று கேட்டாள் அக்கா.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் காலை ஆறு மணிக்கு, மெஷினுக்கும் துணி வெட்டுகிற மேஜைக்கும் நடுவில் இருந்த ஓர் ஆள் நீள இடத்தில் அவன் குப்புறக் கிடப்பான். அக்கா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையில் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கட்டைவிரல் மேலே தெரியும்படி மூடி அவன் நெஞ்சுக்கு நேர் கீழே நிறுத்துவாள். அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. நெஞ்சு முஷ்டியில் அழுந்தினால்தான் எண் சொல்வாள். எண் காதில் விழுந்த பிறகுதான் அவன் எழ வேண்டும். அதற்கு முன்னால் எழுந்தால் திருட்டு, கணக்கில் வராது. காஜாவில் ஒரு நூல் விட்டுப்போனாலும் மொத்தத்தையும் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டுகிறவள் வேறு எப்படி எண்ணுவாள்?

முதல் நாள் பதினொன்று. துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் மேஜையின் பக்கவாட்டுப் பலகையில் தேதியையும் எண்ணையும் எழுதினாள். இரண்டு வாரத்தில் பதினைந்து. ஒன்றரை மாதத்தில் இருபது. இப்படியே போனால் தேர்வுக்குள் நாற்பதாகிவிடும் என்று அவன் மனக்கோட்டை கட்டினான். இரண்டாம் மாதக் கடைசியில் இருபத்துநான்கு வந்தது.

அதோடு நின்றுவிட்டது.

மறுநாளும் இருபத்துநான்கு. அடுத்த வாரமும். சில நாள் இருபத்துமூன்று. செக்குமாடு மாதிரி அதே இடத்தையே சுற்றி வந்தான். மைதானத்தில் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவன் முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் சாப்பிடச் சொன்னான். இரண்டு நாள் எடுத்து இரண்டு நாள் ஓய்வு விடு என்றான் இன்னொருவன். காலை நாற்காலியில் தூக்கி வைத்து எடுத்தான். பத்து எண்ணும்வரை இறங்கி, பத்து எண்ணும்வரை ஏறினான். துணி மூட்டையை முதுகில் ஏற்றச் சொல்லி எடுத்தான். கை வீங்கியது, தோள் இறுகியது, பழைய சட்டையெல்லாம் பிடிக்க ஆரம்பித்து அக்காவே அக்குளில் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள். எண் மட்டும் அசையவில்லை.

“உடம்பு ஏறுது, நம்பர் ஏற மாட்டேங்குது. கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா இருக்கே” என்று சாக்பீஸை மேஜைமேல் போட்டாள் அக்கா.

அந்த நாட்களில்தான் வீட்டில் சின்னச் சின்னதாகச் சில காரியங்கள் நடந்தன. ஊசியில் நூல் கோக்க அவனைக் கூப்பிட்டாள். நாற்பதை நெருங்கினால் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும் என்று கண் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நூலை நாக்கில் நனைத்துக்கொண்டு, மறுபடி அவனையே கூப்பிட்டாள். கத்தரிக்கோல் துணியில் இறங்கவில்லை என்றாள். சாணை பிடித்து வந்தான். பத்து நாளில் அதே புகாரோடு மறுபடி கொண்டுபோனபோது சாணைக்காரர் ஒரு முடியை எடுத்து அதில் வைத்து வெட்டிக் காட்டி, “இதுக்கு மேல என்னப்பா கூர் வேணும்?” என்றார். பாட்டில் மூடியைத் திறக்க அவன் வேண்டியிருந்தது. ஒரு கோட்டுக் கடைக்காரர் இந்தத் தடவை காஜா கொஞ்சம் தளர்வு என்று சொல்லியனுப்பினார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. கண், வயது, மட்டமான நூல், வேலைப்பளு. முள் இல்லாத சிலிண்டரை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன்தான் அவன்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. ஐந்து மாதமாகப் பலகையில் இருபத்துநான்கு வரிசையாக நின்றது. ஒரு நாள் காலையில் இருபத்துமூன்றாவதுக்கு இறங்கியவன் கீழேயே கிடந்தான். கை நடுங்கியது. எண் வரவில்லை. இன்னும் அழுத்தினான். அப்போதும் வரவில்லை. அப்படியே தரையில் விழுந்து புரண்டு படுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான்.

“நீ எண்ணவே மாட்டேங்கற. தொட்டது எனக்குத் தெரியுது, உனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குதா? நான் பாஸாகிப் போயிட்டா நீ தனியா கிடக்கணும்னு பாக்கற. அதானே?”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். வைக்கும்போது அது சாய்ந்து காபி தரையில் ஓடியது. துடைத்தாள்.

“தொட்டாத்தானேடா சொல்ல முடியும்” என்றாள்.

மறுநாளும் ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். டம்ளர் இல்லை. வலது முஷ்டியைத் தரையில் நிறுத்தி, அது சாயாமல் இருக்க மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான். கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறாள், நான் எவ்வளவு ஒழுங்காக வைக்கிறேன் பார் என்று காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கும் இருபத்துநான்கு.

மைதானத்துக்கு வருகிறவர்களில் டோக்கன் என்று ஒருவன் இருந்தான். நான்கு தடவை தேர்வெழுதி நான்கு தடவையும் தோற்றவன். எந்த வரிசையில் எங்கே நிற்க வேண்டும், எந்த அதிகாரி எப்படி எண்ணுவார் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். இந்த முறை தேர்வில் யாருடைய முஷ்டியும் கிடையாது, பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ரப்பர் கட்டை வைக்கப்போகிறார்கள் என்று அவன்தான் செய்தி கொண்டுவந்தான். எங்கிருந்தோ அதேபோல ஒரு கட்டையையும் செய்து கொண்டுவந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் வரிசையாக எடுத்துப் பார்த்தார்கள்.

சிலிண்டரின் முறை வந்தது. இறங்கினான். பாதி வழியிலேயே நெஞ்சில் ஏதோ தட்டியது. கட்டை புரண்டு நிற்கிறது என்று நினைத்து எழுந்து சரிபார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

“என்ன சிலிண்டர், வழி தெரியலையா?” என்றான் டோக்கன்.

மறுபடி இறங்கினான். தொட்டதும் பழக்கதோஷத்தில் எண்ணுக்காகக் காத்திருந்தான். எண் வந்தது, எழுந்தான். பத்து, இருபது. இருபத்துநான்கு வந்தபோது உடம்பு தானாக விழத் தயாரானது, ஆனால் கையில் இன்னும் பலம் இருந்தது. முப்பதைத் தாண்டியபோது சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முப்பத்தாறில் விழுந்தான். டோக்கனுக்குச் சந்தேகம் தீரவில்லை. கட்டையை எடுத்துவிட்டுத் தன் முஷ்டியை நிறுத்தி, கால்மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னான். களைத்துப்போன கையிலேயே முப்பத்தொன்று வந்தது.

அவன் கட்டையை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். நேற்றுவரை உம்மென்று இருந்தவன், தெரு முனையில் இஸ்திரி போடுகிற அம்மாவிடம்கூட முப்பத்தாறு என்று கத்திவிட்டுப் போனான். அக்கா மெஷினில் உட்கார்ந்து பாபினை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, முப்பத்தாறு.”

“யாரு எண்ணினது, குருடனா?”

கட்டையைத் தரையில் வைத்தான். இதை வைத்துத்தான் எடுத்தேன், இதுதான் தேர்வு அளவு என்றான். நீ ரொம்பக் கறார், உன் கையையும் பக்கத்தில் வை, எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்போம் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்து முஷ்டியைக் கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

முஷ்டி கட்டையில் பாதியைச் சற்றுத் தாண்டி நின்றது. அவ்வளவுதான்.

“பாத்தியா” என்றாள் அக்கா. அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ நீ முப்பதைத் தாண்டி ரெண்டு மாசம் இருக்கும்டா. நான்தான் உன்னைப் பாதாளம் வரைக்கும் இறக்கிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இறுக்கி மூடுக்கா.”

“இறுக்கித்தான் மூடியிருக்கேன்.”

விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. தரையில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து அதற்குள் விட்டான். அது எங்கும் படாமல் உள்ளே போய் மறுபக்கம் விழுந்தது. கையைத் தூக்கித் தன் கையில் வைத்துக்கொண்டான். கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை பள்ளமாகக் கிடந்தது. தூக்கும்போதே கை சொல்லிவிட்டது. ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் இருபத்துநான்கு தடவை இந்தக் கைமேல் இறங்கியிருக்கிறான். அவன் கண்ணுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்கூட இருந்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனைகள் இரண்டு நாள் நடந்தன. டாக்டரம்மா அக்காவை வெளியே அனுப்பவில்லை. நோய் அவளுடையது, அவளே கேட்கட்டும் என்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலற்றுப் போகின்றன. கையில் தொடங்கியிருக்கிறது. நாக்குக்கும் மூச்சுக்கும் வரும். மெதுவாக்க ஒரு மாத்திரை உண்டு, நிறுத்த ஒன்றும் கிடையாது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். வயதாகிறது என்று இருந்துவிட்டேன், நாள் கணக்கு தெரியாது என்றாள் அக்கா.

அவனுக்குத் தெரிந்திருந்தது. தேதியோடு சொன்னான். இருபத்துநான்கில் நின்ற நாள் அது. பலகையில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் தேதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கே கூட்டிவந்திருந்தால் என்று அவன் ஆரம்பித்தான். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார். அவனுக்கு அது ஆறுதலாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தேர்வுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டான். தேறினால் ஒன்பது மாதம் வெளியூரில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த ஒன்பது மாதத்தில் யார் இருப்பார்கள் இங்கே? அக்கா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அவன் எழுந்து வந்தபோது மெஷினுக்கும் மேஜைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ரப்பர் கட்டை இருந்தது.

“வந்து படு.”

“வேணாம்க்கா.”

“டேய், நான் உருப்படியா பண்ணின கடைசி வேலை அந்தப் பலகையில இருக்கு. அதுல ஒரு காஜாகூடத் தளர்வு கிடையாது. அதை நீ பிரிச்சுப் போட்டுடாத.”

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

“அன்னிக்கு நீ கேட்டியே, நீ போயிட்டா நான் தனியா கிடக்கணும்னு பாக்கறேன்னு” என்றாள். “ஆமாடா. கொஞ்சம் அப்படியும் இருந்துச்சு. நீ இருபத்துநாலுலயே நின்னு போனப்போ மனசுக்குள்ள ஒரு மூலையில நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆனா எண்ணினது சுத்தமா எண்ணினேன்.”

அவன் படுத்தான். முஷ்டி இல்லை, கட்டையைத் தொட்டதும் எண் வந்தது. முப்பத்தெட்டு எடுத்தான். பலகையில் அவளால் எழுத முடியவில்லை. அவள் சொல்ல அவன் எழுதினான்.

தேர்வு நாளில் இஸ்திரியம்மா அக்காவை வாடகை வண்டியில் கூட்டிவந்தார். மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே இருவரும் குடை பிடித்து நின்றார்கள். அதிகாரி வேகமாக எண்ணினார். அவன் ஒவ்வொரு தடவையும் எண் விழும்வரை கீழே காத்திருந்ததைப் பார்த்து, “ஏம்ப்பா, கட்டையோட பேசிக்கிட்டு இருக்கியா?” என்றார். முப்பதில் போதும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். எழுந்து திரும்பிப் பார்த்தான். அக்கா கையைத் தூக்கினாள். வெற்றி என்று முஷ்டியை மடக்கிக் காட்டத்தான் தூக்கினாள், விரல்கள் மடங்கவில்லை. டாட்டா காட்டுகிற மாதிரி இருந்தது.

அந்த முறை டோக்கனும் தேறினான். அழுதுகொண்டே போய் ஊரில் எல்லாருக்கும் போன் செய்தான். சிலிண்டருக்குப் போன் செய்ய யாரும் இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்றவளிடம் நடந்துபோய்ச் சொன்னான்.

பயிற்சிக்குக் கிளம்பும்போது இஸ்திரியம்மா தன் பெட்டியையும் மேஜையையும் அவர்கள் முன்னறைக்கே கொண்டுவந்துவிட்டார். எங்கே நின்று தேய்த்தால் என்ன, இவளைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்றார். தையல் மெஷினுக்கு உறை போட்டு ஓரமாகத் தள்ளினார்கள். சாக்பீஸ் எழுத்து இருந்த மேஜையை மட்டும் நகர்த்தக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பயிற்சி முகாமில் ஒரு மணி நேரம் போன் பேச விடுவார்கள். அவன் போனைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குப்புறப் படுப்பான். இறங்கியதும் “ம்” என்பான். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா எண் சொல்வாள். அதன் பிறகுதான் எழுவான். மற்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். போன்ல தண்டால் எடுக்கிறவன் என்று புதுப் பட்டப்பெயர்கூட வைத்தார்கள். டோக்கன் அவர்களைத் தள்ளிக்கொண்டுபோய் ஏதோ சொன்னான், அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

முதல் மாதங்களில் எண்கள் டக்டக்கென்று வந்தன. இடையில் கிண்டலும் வந்தது. மூச்சு வாங்குது, அங்க சோறு ஜாஸ்தியா என்பாள். நான்காம் மாதம் கிண்டல் நின்றது. எண்ணுக்கே நேரம் பிடித்தது. பதினேழு என்று சொல்ல நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. அவன் நெஞ்சைத் தரைக்கு விரலகலம் மேலே நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். தோள் எரியும், வியர்வை மூக்கு நுனியிலிருந்து போனின்மேல் சொட்டும். எழவில்லை. எழுந்தால் திருட்டு.

ஆறாம் மாதத்தில் முப்பது இருபதானது, இருபது பன்னிரண்டானது. விடுப்புக் கேட்டு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். வந்தபோதெல்லாம் அவள் கண்ணால் மேஜையைக் காட்டுவாள். அவன் போன வாரத்து எண்ணை எழுதுவான். இறங்கு வரிசையில் இருந்தது. கழுதை தேய்ந்த கதை என்று அவன் சொல்லவில்லை. அவள் நினைத்திருப்பாள்.

ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிறு. ஒன்பதுவரை வந்துவிட்டாள். பத்தாவதுக்கு இறங்கி “ம்” என்றான். போனில் மூச்சு மட்டும் கேட்டது. காத்திருந்தான். முழங்கை நடுங்கியது. முகாமின் மணி அடித்தது. வரிசைக்குக் கூப்பிட்டார்கள். அவன் எழவில்லை. கடைசியில் இஸ்திரியம்மாவின் குரல் வந்தது.

“தம்பி, அவ பத்துன்னு வாயசைச்சா. நான் பாத்தேன். எந்திரிப்பா.”

அடுத்த வியாழக்கிழமை அக்கா போய்விட்டாள். மூச்சுதான் நின்றது, தூக்கத்தில், முகத்தில் ஒன்றும் மாறவில்லை என்றார்கள். அவன் வந்துசேரும்வரை இஸ்திரியம்மா தன் தேய்ப்புப் பெட்டியில் கரி போடவில்லை. அக்காவுக்கு உடுத்திவிட வைத்திருந்த ரவிக்கையில் ஒரு பொத்தான் இருந்தது. காஜா அவள் கையால் கட்டியது. பொத்தானைப் போட்டுவிட்டது அவன். இறுக்கமாக, நூல் பிசிறில்லாமல், பொத்தானைப் பிடித்து நின்றது.

பயிற்சியை முடித்து அவன் நகரத்து நிலையம் ஒன்றில் சேர்ந்தான். நான்காவது வாரம் மெத்தைக் கடை ஒன்று பற்றிக்கொண்டது. உள்ளே ஆள் யாரும் இல்லை. மூன்று மணி நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடை வாசலில் சிவப்புச் சிலிண்டர் ஒன்று கருகித் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டை எரிந்துபோனதால் யார் கையெழுத்து என்று தெரியவில்லை. வண்டியில் திரும்பும்போது, படகு வித்தவன் தண்ணியில எறங்கிட்டான்க்கா என்ற வாக்கியம் மனசுக்குள் தயாராகிவிட்டது. வீடுவரை அதைக் கொண்டுவந்தான். கதவைத் திறந்தான். இஸ்திரியம்மா தன் மேஜையை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மெஷினின் உறைமேல் லேசாகத் தூசி படிந்திருந்தது. கைகால் கழுவப் போனான்.

நிலையத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு முற்றத்தில் உடற்பயிற்சி. எல்லாரும் ஒரே தாளத்தில் இறங்கி ஏறுவார்கள். மூத்த வீரர் ஒருவர் எண்ணுவார். அவன் மட்டும் மற்றவர்களைவிடத் தாழ்வாக இறங்குவான். இறங்கிய இடத்தில் ஒரு கணம் நிற்பான். வரிசை ஏறிவிடும், அவன் கீழே இருப்பான். ஆரம்பத்தில் தாளம் கெடுகிறது என்று திட்டினார். அவன் மாறவில்லை. பிறகு வரிசையின் கடைசியில் தனியாக இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

புதிதாகச் சேர்ந்த ஒருவன் பக்கத்தில் படுத்தபடி ஒரு நாள் கேட்டான்.

“ஏண்ணே, அவ்ளோ கீழ போய் என்ன பண்றீங்க?”

“நம்பர் வரட்டும்னு” என்றான் அவன்.